கொலை முடிந்த பிறகு தொடங்கும் கதை: உளவியல் த்ரில்லருக்கு ஓர் எளிய அறிமுகம்

வேலூரைக் கேலி செய்ய ஒரு பழைய வசனம் உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் மறுபடியும் கோட்டைக்குள் குடியேறிவிட்டதால் முதல் வரி இப்போது செல்லாது. 2021 நவம்பரில் பாலாறு ஓடிய வேகத்தைப் பார்த்தவர்கள் கடைசி வரியையும் சற்று யோசித்துத்தான் சொல்வார்கள். ஆனாலும் எனக்கு இந்த வசனம் பிடிக்கும். உளவியல் த்ரில்லர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான்காவதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுவேன்: கொலை இல்லாத கொலைக்கதை.

கேட்டது என் தங்கை மகள். காட்பாடியில் கல்லூரியில் படிக்கிறாள், கதை எழுதுகிறாள். "மாமா, இது உளவியல் த்ரில்லர். தண்டனை பெற்ற கொலைக் கைதியும் அவனுக்காக வாதாடும் வக்கீலும்தான் கதை. நீங்கள் கோர்ட்டில் இருந்தவர், படித்துச் சொல்லுங்கள்" என்று நாற்பது பக்கங்களைக் கையில் கொடுத்தாள். படித்தேன். ஏழு கொலைகள் இருந்தன. மனம் என்ற ஒன்று யாருக்கும் இல்லை. வக்கீல் மேசையைத் தட்டிக் கத்துகிறார். கைதி கண் இமைக்காமல் சிரிக்கிறான். பதினான்கு வருடம் முடிந்த அன்று காலை சிறைக்கதவு தானாகத் திறக்கிறது.

நான் முப்பத்தோரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். வழக்குக் கட்டு தூக்கினேன், நகல் மனு போட்டேன், வாய்தா தேதி குறித்தேன், வக்கீலுக்கு வழக்கை நடத்த அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்து வாங்கத் தொரப்பாடியில் இருக்கும் வேலூர் மத்திய சிறைக்கு எத்தனையோ முறை போய் வந்தேன். மேசையைத் தட்டிய வக்கீல் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்த வகைக் கதைக்குள் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படலாம்.

ஒரே சம்பவத்தை வைத்துக்கொள்வோம். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்று. காலையில் வேலைக்கு வந்தவர்கள், தோல் ஊறும் தொட்டியின் ஓரத்தில் கணக்குப்பிள்ளை இறந்து கிடப்பதைப் பார்க்கிறார்கள். இதைத் துப்பறியும் கதையாக எழுதினால் வாசகர் கேட்பது "யார் செய்தது?" என்று. ஈரத் தரையில் செருப்புத் தடம் கிடைக்கும், பாதி கிழிந்த ரசீது கிடைக்கும், காவலாளி பொய் சொல்வார். கடைசிப் பக்கத்தில் பெயர் தெரிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கலாம். சாதாரண த்ரில்லராக எழுதினால் "தப்பிப்பானா?" என்று கேட்போம். வாலாஜா சுங்கச்சாவடியில் கார் மாட்டிக்கொண்டு நிற்கும், நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

உளவியல் த்ரில்லரில் இந்த இரண்டு கேள்விக்கும் முதல் பக்கத்திலேயே விடை கிடைத்துவிடலாம். கொன்றவன் ஏகாம்பரம், அதே தொழிற்சாலையின் தொழிலாளி. பிடிபட்டான். செஷன்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. இதற்குப் பிறகு கதை எதற்கு என்றால், ஏகாம்பரத்தின் மேல்முறையீட்டை எடுத்துக்கொண்ட ரேணுகா என்ற வக்கீலின் தலைக்குள் நடப்பதற்கு. தனக்குத் தெரியும் என்று அவள் நினைப்பதெல்லாம் அவளே கண்டுபிடித்ததா, யாரோ கொண்டுவந்து வைத்ததா? நேற்று ராத்திரி எடுத்த முடிவு அவளுடையதுதானா? தன் புத்தி மேல் தனக்கிருந்த பிடி விரல் விரலாகத் தளர்வதை அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவளோடு சேர்ந்து நாமும் பார்த்துக்கொண்டிருப்போம். பயம் அதில்தான் வருகிறது. கத்தி வேண்டியதில்லை.

ஏகாம்பரமும் ரேணுகாவும் நான் இட்டுக்கட்டிய ஆட்கள். இந்தக் கட்டுரை முடியும்வரை வருவார்கள்.

ஏன் தண்டனைக் கைதி?

சிறையில் இருப்பவர்களில், வழக்கு நடந்துகொண்டிருப்பவர் விசாரணைக் கைதி. தீர்ப்பாகித் தண்டனை அனுபவிப்பவர் தண்டனைக் கைதி. புதிதாக எழுதுகிறவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எந்தக் கைதி என்பதைப் பொறுத்துக் கதையே வேறாகிவிடும். விசாரணைக் கைதியின் கதையில் தீர்ப்பு முன்னால் நிற்கிறது. எல்லோரும் அதை நோக்கி ஓடுகிறார்கள். தண்டனைக் கைதியின் கதையில் அது பின்னால் போய்விட்டது. நடந்தது இதுதான் என்று ஒரு நீதிபதி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். இனி அசையக்கூடியது ஒன்றுதான், அந்தத் தாளின் மேல் ஒருவருக்கு இருக்கும் நம்பிக்கை.

சட்டத்தில் இரண்டு சில்லறைத் திருத்தங்கள், கதை எழுதுகிறவர்களுக்காக. 1860-ன் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனைப் பிரிவு 302-ஆக இருந்தது, இப்போது 103. பழைய காலத்துக் கொலைக்குப் பழைய எண்தான். அடுத்தது, பதினான்கு வருடக் கதை. ஆயுள் தண்டனை என்றால் சட்டப்படி ஆயுள் முழுவதும்தான். கொலை போல மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, அரசு தண்டனைக் குறைப்புச் சட்டத்தின்கீழ் விடுவிப்பதானால், குறைந்தது 14 வருடம் அடைபட்டிருக்க வேண்டும் என்பதுதான் விதி. அது முடிந்ததும் கதவு திறந்தாக வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை.

இப்போது மேல்முறையீட்டுக்கு வருவோம். செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே சாட்சிகள் வரிசையாக வந்து கூண்டில் ஏறுவதில்லை. கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியம், குறுக்கு விசாரணை, சான்றாவணங்கள், தீர்ப்பு எல்லாம் கட்டாகச் சேர்ந்து போகும். நீதிபதிகள் அதைப் படிப்பார்கள். வக்கீல்கள் அதிலிருந்தே வாதாடுவார்கள். புதிய சாட்சியம் எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு என்றாலும் அது அபூர்வம். ஆகவே மேல்முறையீட்டில் பேசுவது காகிதம். கைதி பேசவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

நான் என் தங்கை மகளிடம் அழுத்திச் சொன்ன இடம் இதுதான். ரேணுகா வாரத்தில் நான்கு நாள் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போகிறவள். கட்டு அவள் பையில் இருக்கிறது. ஏகாம்பரத்திடமிருந்து அவளுக்குத் தேவை வக்காலத்தில் ஒரு கையெழுத்து. அதற்குக் குமாஸ்தா போனால் போதும். மரியாதைக்கு ஒருமுறை நேரில் போய்ப் பேசலாம், சந்தேகம் கேட்க இரண்டாவது முறையும் போகலாம். ஆறாவது முறை ஏன் போகிறாள்? கொன்றது யார் என்ற கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்தக் கேள்வியை அந்த இடத்தில் வையுங்கள். உளவியல் த்ரில்லர் அங்கே தொடங்குகிறது.

வாய்ப்பூட்டு

கொலைகாரனுக்காக எப்படி மனசாட்சியோடு வாதாடுகிறார்கள் என்று ஊரே கேட்கும். என் அம்மாவும் கேட்டிருக்கிறார். வக்கீல் தொழிலுக்கான இந்திய பார் கவுன்சில் விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: குற்றவாளிதானா என்பது பற்றித் தன் சொந்த அபிப்பிராயம் எதுவாயினும் வக்கீல் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட வேண்டும், போதிய சாட்சியமின்றி யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்கிற சட்டத்துக்கே அவர் விசுவாசமாக இருக்கிறார். இன்னாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்கிறது. ரேணுகாவுக்கு இந்த வழக்கு அப்படித்தான் வந்தது. வாதாடுவதில் அவளுக்குக் கூச்சமில்லை. அவளுக்குச் சிக்கல் காதுவழியாக வருகிறது.

கட்சிக்காரர் தன் வக்கீலிடம் தொழில்முறையில் சொன்னதை, அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. 1872-ன் சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவாக இருந்தது. இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 132. வழக்கு முடிந்துவிட்டாலும், வக்காலத்து முடிந்துவிட்டாலும் பூட்டு திறக்காது. மொழிபெயர்ப்பாளருக்கும் வக்கீலின் குமாஸ்தாவுக்கும்கூட இதே பூட்டுதான். முப்பத்தோரு வருடம் டீக்கடையில் நான் வாயைத் திறக்காமல் டீ குடித்ததற்குக் காரணம் சுபாவம் மட்டுமல்ல.

அந்தப் பிரிவின் கீழே சட்டமே உதாரணங்கள் தருகிறது. குட்டிக் கதைகள் மாதிரி இருக்கும். தேர்ந்த எழுத்தாளர்கள்கூட இவ்வளவு சிக்கனமாக எழுதுவதில்லை. ஒருவர் வக்கீலிடம் வந்து, "நான் பொய்யாவணம் தயாரித்தேன், எனக்காக வாதாடுங்கள்" என்கிறார். அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு. குற்றம் செய்தவர் என்று தெரிந்தவருக்காக வாதாடுவது குற்ற நோக்கம் ஆகாது. இன்னொருவர் வருகிறார். "இந்தப் பொய்யாவணத்தை வைத்துச் சொத்தைப் பிடிக்க வேண்டும், வழக்குப் போடுங்கள்" என்கிறார். இதற்குப் பாதுகாப்பு இல்லை. மூன்றாவது ஆள் கையாடல் வழக்கில் மாட்டியவர். வக்கீல் அமர்த்தப்பட்டபோது கணக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு பதிவு, வழக்கு நடக்கும்போது திடீரென்று முளைத்திருக்கிறது; வக்கீல் அதைக் கவனிக்கிறார். தான் பொறுப்பேற்ற பிறகு நடந்த மோசடி என்பதால் அதற்கும் பாதுகாப்பு இல்லை.

முடிந்துபோன குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும், நடக்கப்போகும் குற்றத்துக்கு வக்கீலைக் கருவியாக்குவதற்கும் நடுவே சட்டம் கோடு போடுகிறது. எழுத்தாளர் தன் கதாபாத்திரத்தை அந்தக் கோட்டின் மேலேயே நிற்க வைக்க வேண்டும். ஏகாம்பரம் சொல்கிறான்: "வக்கீலம்மா, கணக்குப்பிள்ளைக்கு ஒரு கூட்டாளி இருந்தான். அவனும் இப்போது ஊரில் இல்லை. எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நீங்கள்கூடக் கேட்கவில்லை." இது என்ன பேச்சு? பழைய கொலை ஒன்றின் ஒப்புதலா, வெறும் வம்பா, எங்கேயோ உயிரோடு ஒளிந்திருப்பவனைத் தேடிப் போகும்படி அவளைத் தூண்டுவதா? முதலாவது என்றால் அவள் யாரிடமும் சொல்ல முடியாது. மூன்றாவது என்றால் அவள் அவனுக்குக் கையாளாகிக்கொண்டிருக்கிறாள். எது என்று தெரியாமல் அவள் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அரக்கோணம் வரை யோசித்துக்கொண்டு போகிறாள். பக்கத்தில் வருடக் கணக்காகக் கூடவே பயணம் செய்யும் தோழி வேர்க்கடலை நீட்டுகிறாள். "என்னடி யோசனை?" என்கிறாள். சொல்ல முடியாது.

கற்பனை அதிகமாக இருக்கிறதே என்று தோன்றினால், அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் 1973-ல் ராபர்ட் காரோ என்பவர் கொலை வழக்கில் பிடிபட்டார். அவருக்காக ஃபிராங்க் அர்மானி, ஃபிரான்சிஸ் பெல்ஜ் என்ற இரண்டு வக்கீல்கள். தான் வேறு இரண்டு பெண்களையும் கொன்றதாகக் காரோ அவர்களிடம் சொன்னார். உடல்கள் எங்கே என்றும் சொன்னார். வக்கீல்கள் போய்ப் பார்த்தார்கள். உண்மை. படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து வாயை மூடிக்கொண்டார்கள். காணாமல்போன மகளைத் தேடி ஒரு தகப்பன் அந்த வக்கீல்களில் ஒருவரிடமே வந்து கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. 1974-ல் விசாரணையின்போது காரோவே கூண்டில் ஏறிச் சொன்ன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. மக்கள் கொதித்தார்கள். முறையாக அடக்கம் செய்ய விடாமல் மறைத்ததாகப் பெல்ஜ் மேல் வழக்கே வந்தது. கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்க வேண்டிய கடமை இருந்தது என்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. காரோ 1978-ல் சிறையிலிருந்து தப்பி, போலீஸ் குண்டுக்கு இறந்தார்.

அந்தத் தகப்பன் எதிரே உட்கார்ந்திருந்த சில நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். துரத்தல் இல்லை, ரத்தம் இல்லை. மேசை, நாற்காலி, தண்ணீர் டம்ளர். இருவரில் ஒருவருக்குத் தெரியும். என்னைக் கேட்டால் இந்த வகையில் எழுதப்படும் எல்லாக் கதைகளும் அந்த அறைக்கு ஏதோ ஒரு வழியில் திரும்பி வருகின்றன.

செருப்பும் குழாயும்

வேலூர் மத்திய சிறையில் கைதிகள் காலணி தைக்கும் பிரிவு உண்டு. போலீஸ்காரர்கள் போடும் ஷூ அங்கே தயாராகிறது. தோல் வேலை தெரிந்த ஏகாம்பரத்தை நான் அங்கேதான் உட்கார வைப்பேன். வக்கீலோடு கைதி பேசும்போது வார்டரின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில் உட்கார வேண்டும். ரேணுகா கைபேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக வந்து உட்காருகிறாள். ஏகாம்பரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கிறான்.

"வக்கீலம்மா, இடது செருப்பு உள்பக்கமாகத் தேய்கிறது. பையை எப்போதும் வலது தோளிலேயே மாட்டாதீர்கள்."

அவள் சிரித்துவிடுகிறாள். தொழில் தெரிந்தவன் கண். நம் ஊர்க்காரனின் கரிசனம். வாசகரும் சிரிக்கிறார். அவனைக் கொஞ்சம் பிடித்துப்போகிறது. இந்தப் பிடித்துப்போவதைத் தவறவிட்டால் கதை நகராது. கண் இமைக்காமல் சிரிக்கிறவனைப் பார்த்தால் பயந்து எழுந்து போய்விடலாம். செருப்பைப் பற்றி அக்கறைப்படுகிறவனை விட்டு எப்படி எழுந்து போவது?

நான்காவது முறை அவள் போகும்போது அவன் கேட்கிறான்: "மொட்டைமாடிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, சரி செய்தாயிற்றா?"

அவளுக்கு முதுகு சில்லிட்டுப்போகிறது. செருப்பு தேய்ந்ததைப் பார்த்தால் தெரியும். குழாய் ஒழுகுவது எப்படித் தெரியும்? வீட்டுக்கு ஆள் வைத்திருக்கிறானா? பிளம்பர் யார்? விடுதலையாகிப் போன சிறைத் தோழன் எவனாவதா? அவள் பூட்டை மாற்றுகிறாள். பால்காரரைச் சந்தேகப்படுகிறாள். கணவனிடம் எரிந்து விழுகிறாள். இதுவரை சாதாரண த்ரில்லர்தான். நூறு பேர் எழுதியிருப்பார்கள். இதற்கு என்ன விடை வைக்கிறோம் என்பதில்தான் கதை எந்த வகை என்பது தீர்மானமாகும்.

என் விடை இது. ஒருநாள் அவள் தன் நோட்டைப் புரட்டுகிறாள். இரண்டாவது சந்திப்பின் குறிப்புகள். வழக்கைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. மீதி இரண்டு பக்கமும் அவள் கையெழுத்தில், அவனுடைய கேள்விகளும் அவளுடைய பதில்களும். குழாய். மாமியார். சென்னைக்கே வீடு மாற்றலாமா என்ற யோசனை. தூக்கம் வராதது. அவளேதான் சொல்லியிருக்கிறாள். சொன்னது நினைவில் இல்லை. வீட்டை யாரும் வேவு பார்க்கவில்லை. ஊரில் ஒருவரிடமும் எதையும் சொல்ல முடியாமல் வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டு திரிகிறவளுக்கு, தடையில்லாமல் பேசக் கிடைத்த ஒரே ஆள் அந்தப் பூட்டைப் போட்டவன்தான்.

வேவு பார்க்கிறவனைப் பிடித்தால் பயம் தீரும். இந்தப் பயத்துக்கு யாரைப் பிடிப்பது?

கதையை ரேணுகாவே "நான்" என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தால் இன்னும் கூர்மையாக இருக்கும். நாமும் அவள் சொன்னதை நம்பியே வந்திருப்போம், இரண்டாவது சந்திப்பை அவள் தன் நினைவில் இருந்தபடியேதான் விவரித்திருப்பாள். இப்படிப்பட்டவரை நம்பகமற்ற கதைசொல்லி என்பார்கள். 1961-ல் வெயின் பூத் என்ற அமெரிக்க விமர்சகர் இதற்குப் பெயர் வைத்தார். பெயர் வைப்பதற்கு வெகு காலம் முன்பே எழுத்தாளர்கள் செய்துகொண்டிருந்த வேலைதான். தொடக்க எழுத்தாளர்கள் இதை ஏமாற்று வித்தையாக எடுத்துக்கொள்கிறார்கள்: கடைசியில் "எல்லாம் கனவு" என்று முடித்துவிட்டு வாசகர் கைதட்டுவார் என்று நினைக்கிறார்கள். கதைசொல்லி பொய் சொல்லலாம், மறக்கலாம், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளலாம். ஆனால் உண்மைக்கான தடயம் பக்கத்தில் கிடந்திருக்க வேண்டும். நோட்டில் அவள் நிறைய எழுதிக்கொண்டாள், வெளியே வரும்போது மனசு லேசாக இருந்தது என்று இருபதாம் பக்கத்திலேயே ஒரு வரி வந்திருக்க வேண்டும். வாசகர் திரும்பிப் போய்ப் பார்த்து, தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும்.

சிறைச் சூழலை எழுத யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜாஜி 1921 டிசம்பரில் தொடங்கி மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார், நாட்குறிப்பும் எழுதினார். அரசியல் கைதியின் குறிப்புதான். இருந்தாலும் சுவருக்குள் ஒரு நாள் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ள, சினிமாச் சிறைகளைவிட அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

"உளவியல்" என்ற சொல் இருப்பதாலேயே கொலைகாரனுக்கு ஒரு மனநோயை ஒட்டிவிடுவது இன்னொரு வழக்கமான கோளாறு. காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தால், கோட்டை வரும், தொரப்பாடி வரும், கடைசியில் பாகாயம் வரும். கோட்டையில் திப்புவின் குடும்பத்தையும் கண்டியின் கடைசி அரசனையும் அடைத்து வைத்திருந்தார்கள். தொரப்பாடியில் சிறை. பாகாயத்தில் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை 1950-களிலேயே தொடங்கிய இடம். சிறையும் மனநல மையமும் வேறு வேறு நிறுத்தங்கள், கதை எழுதுகிறவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. மனநோயோடு வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடக்கூட மாட்டார்கள்.

சட்டமும் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. தண்டனைச் சட்டத்தில் பழைய 84-வது பிரிவு, இப்போது 22. செயலைச் செய்த அந்த நேரத்தில், மனநலம் குன்றியதால், தான் செய்வது இன்னதென்றோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் இருந்தால் அது குற்றமாகாது. மருத்துவர் ஒரு நோயின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால் போதாது. ஏகாம்பரம் உடலை மறைக்க முயன்றிருந்தால், அடுத்த நாள் வேலைக்கு வந்து ஒன்றும் தெரியாதவன்போல் நின்றிருந்தால், தவறு என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் கோர்ட் நினைக்கும். என் யோசனை, ஏகாம்பரத்துக்கு எந்த நோயும் கொடுக்காதீர்கள். நன்றாகத் தூங்குகிறவனாக இருக்கட்டும். தூக்கம் கெட்டுப்போனவள் ரேணுகா.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. அவன் கொல்லவில்லை என்றால்?

கொலைக் குற்றவாளி என்பது காகிதத்தில் ஏறும் பெயர். ஏறியதை இறக்கவும் முடியும். 1944-ல் சென்னையில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்ட வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வெள்ளைக்காரர் காலத்தின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பி வந்த வழக்கில், 1947-ல் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அப்போது அவர்களுக்காக வாதாடிய வி.எல். எத்திராஜ் நம் வேலூரில் பிறந்தவர்; பின்னாளில் சென்னையில் பெண்கள் கல்லூரி தொடங்கியவர். விடுதலையான பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பி வரவே இல்லை. காகிதம் மாறியது, ஜனங்களின் மனம் மாறவில்லை. ரேணுகாவின் கதையில் இதை நேர்மாறாக வைத்துப் பார்க்கலாம். காகிதம் குற்றவாளி என்கிறது, அவள் மனம் இல்லை என்கிறது. அவனுக்கு எதிரான சாட்சியத்தில் உண்மையாகவே ஓட்டை இருக்கிறதா, அந்த அறைக்கு மறுபடி போவதற்காக அவள் ஓட்டையைத் தேடுகிறாளா? இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அப்படி இருந்தால் கதைக்கு நல்லது.

தங்கை மகள் இப்போது இரண்டாவது முறையாக எழுதிக்கொண்டிருக்கிறாள். ஏழு கொலை ஒன்றாகிவிட்டது, அதுவும் கதை தொடங்க ஆறு வருடம் முன்பே நடந்து முடிந்தது. மேல்முறையீட்டில் தள்ளுபடியா, விடுதலையா என்று என்னைக் கேட்டாள். எதுவாக இருந்தாலும் அதைக் கடைசியில் வைக்காதே என்றேன். போன வாரம் முடிவுக் காட்சியை மட்டும் படித்துக்காட்டினாள்.

தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்து நான்கு மாதம் ஆகிவிட்டது. கட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம், ரேணுகா காட்பாடியில் பாகாயம் பஸ் ஏறுகிறாள். வலது தோளில் மாட்டியிருந்த பையை எடுத்து இடது தோளில் மாட்டிக்கொள்கிறாள். நடத்துநர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்தபடி எங்கே என்று கேட்கிறார். "தொரப்பாடி" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.